கம்ப்யூட்டருக்கு அரைப்பேர்

"சும்மா இருந்த நேரம்" என்று எழுதிய சுலக்ஷனா அதை அழித்துவிட்டு "ஓய்வு நேரம்" என்று போட்டுப் பார்த்தாள். ஓய்வு என்பது வேலை செய்து களைத்தவர் எடுப்பது. இந்தக் கம்ப்யூட்டர் களைத்ததாக எந்தப் புள்ளிவிவரத்திலும் தெரியவில்லை. மறுபடியும் "சும்மா இருந்த நேரம்" என்றே எழுதினாள். உண்மையை எழுதுகிறவளுக்கு உடனே வருகிற திருப்தியும் அவளுக்கு வந்தது.

றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் அவள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மலையில் நிறுக்கிற கொழுந்தின் எடை தராசிலிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். குறித்த கிலோ இருந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். யாருக்கு எது என்று தீர்ப்புச் சொல்வது இப்போது கம்ப்யூட்டர்தான். முன்பென்றால் கணக்கப்பிள்ளையோடு நின்று சண்டை போடலாம், அவர் வீட்டுக்காரியிடம் போய் முறையிடலாம். கம்ப்யூட்டருக்கு வீட்டுக்காரி கிடையாது.

அதனால்தான் போன பேச்சுவார்த்தையில் சங்கத் தலைவர் முத்துலிங்கம் ஒரு நிபந்தனை வைத்தார். "அந்த மெஷினு நாளு பூரா என்னதான் செய்யுதுன்னு எங்களுக்கு வெளங்குற தமிழ்ல எழுதி, பெரட்டுக்களத்துல ஒட்டணும்."

காலையில் ஆள்கணக்கு எடுத்து வேலை பிரிக்கிற இடம் பெரட்டுக்களம். அங்கே ஒட்டினால் தோட்டம் முழுவதும் படிக்கும். தோட்டத்து மேனேஜரான துரைக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. "ஒட்டினாப் போச்சு" என்று சொல்லி வேலையைச் சுலக்ஷனாவின் தலையில் போட்டார்.

சுலக்ஷனா மறுக்கிற நிலையில் இல்லை. அவள் தற்காலிக ஊழியர். அந்தக் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. துரை ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் கொழும்பில் புறக்கோட்டைத் துணிக்கடைக்குத் திரும்பிப் போகவேண்டும். அங்கே அவள் ஏற்கனவே வேலை பார்த்திருக்கிறாள். காலையிலிருந்து இரவுவரை நின்றபடியே சேலை விரித்துக் காட்டி, கால் வீங்கி, அறையில் கூடத் தங்கிய பெண்பிள்ளைகளோடு வரிசையில் நின்று குளித்து... போதும் போதும் என்று ஆகிவிட்டது. இனிமேல் கொழும்புக்கு வேலைக்குப் போவதில்லை என்று தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக் கோயிலில் நேர்ந்துகொண்டு வந்தவள் அவள்.

ஆகவே மனம் வைத்து எழுதினாள். எழுதியது இதுதான்:

"கம்ப்யூட்டருக்குள்ளே கெர்னல் என்று ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிறார். ஒரு விநாடியை நூறு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் கம்ப்யூட்டரின் மூளையான புரொசசர் என்ன செய்தது என்று கணக்கு வைப்பது அவர் வேலை. நமக்காகச் செய்த வேலை, நூற்றுக்கு நான்கு பங்கு. தன் சொந்தக் காரியம் பார்த்தது, ஒரு பங்கு. தகவலை எழுதி முடியும்வரை காத்து நின்றது, ஒரு பங்கு. பிறர் களவாடிய நேரம், இல்லை. சும்மா இருந்த நேரம், தொண்ணூற்று நான்கு பங்கு."

துரை சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், மெதுவாகப் படிப்பார். அவர் கண் போய் நின்ற இடம் ஒன்றே ஒன்று.

"களவு இல்லையா? நல்லது. அதுதான் முக்கியம். ஒட்டு."

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் பனி விலகுவதற்கு முன்பே நோட்டீஸ் முன்னால் கூட்டம். சுலக்ஷனா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். எல்லோரும் படித்தார்கள். எல்லோருக்கும் புரிந்தது. அவளுக்குப் பெருமையாக இருந்தது. பாவம், அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

மேல் பிரிவில் கொழுந்து எடுக்கிற பேச்சியம்மா அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"ஏம்புள்ள, நாளு பூரா நூத்துக்கு நாலு பங்குதான் வேலையா?"

"ஆமாக்கா."

"மிச்ச நேரம்?"

"சும்மாதான் இருக்கும்."

"நேத்து ரெண்டு கிலோ கொறஞ்சுதுன்னு எனக்கு அரைப்பேரு போட்டது யாரு?"

"இந்த மெஷினுதாங்க்கா."

பேச்சியம்மா சத்தம் போடவில்லை. கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு மலைக்கு நடந்தாள். பேச்சியம்மா சத்தம் போட்டால் பயமில்லை என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வெயில் ஏறுவதற்குள் முத்துலிங்கம் ஆபீஸுக்கு வந்துவிட்டார். சட்டைப் பையில் இரண்டு பேனா. சாதாரணப் பேச்சுக்கு ஒரு பேனாதான் வைப்பார்.

"தொரைங்க, ஒரு சின்ன விசயம். பதினாறு கிலோ எடுத்த பொம்பளைக்கு அரைப்பேரு. நூத்துக்கு நாலு பங்கு வேலை செய்யுற மெஷினுக்கு என்ன பேரு?"

"மெஷினுக்கு ஏது பேரு, தலைவர்?"

"கரண்டு குடுக்குறீங்க. பூட்டு போட்ட அலுமாரி குடுத்திருக்கீங்க. மழையில நனையாம வச்சிருக்கீங்க. எங்க லயத்துல கூரை ஒழுகுது. அப்ப அது முழுப்பேரு ஆளுதானுங்களே?" தலைவர் மிகவும் மரியாதையாகவே பேசினார். "ஒண்ணு, மெஷினுக்கும் அரைப்பேரு போடுங்க. இல்லாட்டி எல்லாருக்கும் முழுப்பேரு போடுங்க. ஞாயமா எது படுதோ செய்யுங்க."

அவர் போன பிறகு துரை சுலக்ஷனாவைக் கூப்பிட்டார். கோபத்தைவிட அவர் முகத்தில் வருத்தம்தான் அதிகம் இருந்தது.

"நீ ஏன் எல்லாருக்கும் விளங்குற மாதிரி எழுதினது? ஹெட் ஆபீஸ்ல இருந்து எனக்கு எத்தனை ரிப்போர்ட் வருது. ஒண்ணாவது எனக்கு விளங்குதா? அதால ஏதாவது பிரச்சினை வந்திருக்கா?"

"சரி செஞ்சிடுறேன் சேர்."

"வெள்ளிக்கிழமைக்கு முந்தி செய்யணும். இல்லாட்டி கையெழுத்து எல்லாம் என்கிட்ட கேக்க வேணாம்."

சுலக்ஷனா மேசைக்குத் திரும்பினாள். புறக்கோட்டைக் கடையின் கண்ணாடிக் கதவு கண்முன் வந்து நின்றது. யோசித்து யோசித்து ஒரு விளக்கக் குறிப்பு எழுதி, நோட்டீஸுக்குக் கீழே ஒட்டினாள். "சும்மா இருப்பது சோம்பல் அல்ல. வேலை வந்த கணமே பாய்ந்து செய்வதற்குத் தயாராக நிற்பதே அது."

மாலையில் முத்துலிங்கம் மறுபடியும் வந்தார். இம்முறை பேச்சியம்மாவும் கூட வந்தாள்.

"நல்லா எழுதியிருக்கு தொரைங்க. படிச்சதும் எனக்கே மனசு தெளிஞ்சிருச்சு" என்றார் தலைவர். "காலையில மழை விடட்டும்னு மலையடியில நிக்கிறாங்களே, அவங்களும் தயாராத்தான் நிக்கிறாங்க. கொழுந்த நிறுக்க தராசுக்கிட்ட வரிசையில நிக்கிறாங்களே, அதுவும் அப்படித்தான். தயாரா நிக்கிறதும் வேலைன்னு ஆபீஸே எழுதி ஒட்டிட்டதால, அதுக்கும் பேரு போட்டுருங்க."

"நான் தயாரா நிக்கிறதுல கெட்டிக்காரி" என்று பேச்சியம்மா தன் பங்குக்குச் சொன்னாள்.

துரை சுலக்ஷனாவைப் பார்த்தார். சுலக்ஷனா தரையைப் பார்த்தாள். அலுவலக உதவியாளர் மூக்கன் நிலைமையைப் புரிந்துகொண்டு எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினார்.

அன்றே அவள் ஹட்டனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் துஷாந்துக்குப் போன் போட்டாள். அவளோடு டிப்ளோமா படித்தவன். எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருப்பான். அந்த வழி எங்கே போய் முடியும் என்று மட்டும் அவனைக் கேட்கக் கூடாது.

"சும்மா இருக்குன்னுதானே பிரச்சினை? வேலை குடு" என்றான் துஷாந்த். "ஒண்ணு ரெண்டு மூணுன்னு முடிவில்லாம எண்ணுற ஒரு புரோகிராம் அனுப்புறேன். ஓட விட்டுட்டுப் பேசாம இரு."

"எண்ணி என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது. ஆனா அத யாரும் சும்மா இருக்குன்னு சொல்ல முடியாது."

புரோகிராம் வந்தது. ஓட விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கெர்னலின் கணக்கைப் பார்த்தாள். சும்மா இருந்த நேரம், தொண்ணூற்று நான்கு பங்கு. அசையவே இல்லை.

மறுபடியும் துஷாந்த். "மடச்சி, கெர்னல் சொல்றது மெஷினைப் போட்ட நாள்ல இருந்து சேர்த்த மொத்தக் கணக்கு. ரெண்டு வருசமாச் சும்மா இருந்தத ஒரு மணித்தியாலத்துல மறைக்க முடியுமா? இப்ப ஒருக்கா கணக்க எடு. நாளைக்கு ஒருக்கா எடு. ரெண்டாவதுல முதலாவதக் கழி. அதுதான் இன்னைக்கு நிலவரம்."

சுலக்ஷனா அப்படியே செய்தாள். மறுநாள் கழித்துப் பார்த்தாள். செய்த வேலை, நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்பது. சும்மா இருந்த நேரம், இல்லை. பழைய நோட்டீஸைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினாள். துரை வந்து பார்த்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு சிரித்தார்.

அந்தச் சிரிப்பு மத்தியானம்வரை தாங்கியது.

மத்தியானம் பெண்கள் ஒரு கூட்டமாக ஆபீஸுக்குள் வந்தார்கள். மூலையில் இருந்த இரும்பு அலுமாரியைச் சுற்றி நின்றார்கள். எடையைக் கணக்குப் பார்க்கும் அந்தக் கம்ப்யூட்டர், அதாவது சர்வர், இருப்பது அதற்குள்தான் என்று சுலக்ஷனா வேலைக்கு வந்த முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தார்கள். பூட்டுப் போட்டது. சாவி ஹெட் ஆபீஸில். பேச்சியம்மா குனிந்து அலுமாரியில் காது வைத்தாள்.

"சத்தமே இல்லையே புள்ள. தொண்ணூத்தொம்பது பங்கு வேலை செய்யுறது இப்பிடியா கெடக்கும்? எங்க வூட்டுக்காரரு தூங்குனாக்கூட இதவிட சத்தம் வரும்."

"நல்ல மெஷினுக்கா. சத்தம் போடாம வேலை செய்யும்" என்றாள் சுலக்ஷனா. அவளும் ஒருநாள் அதில் காது வைத்துப் பார்த்தவள்தான். அப்போதும் சத்தம் இல்லை. விலை கூடிய சாமான் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

முத்துலிங்கத்துக்கு வேறு கவலை. "நேத்து நாலு. இன்னைக்குத் தொண்ணூத்தொம்பது. நாங்க ஞாயம் கேட்டதுக்கு மெஷின அடிச்சி வேலை வாங்குறீங்களா? நாளைக்கு எங்க ஆளுங்களயும் இப்பிடித்தான் கேப்பீங்க. மெஷினே ஒரே நாள்ல இவ்வளவு கூட்டிருச்சே, நீங்க கிலோவைக் கூட்ட மாட்டீங்களான்னு."

துரை வாயைத் திறந்தார். அவர் மனதில் உண்மையிலேயே அப்படி ஒரு எண்ணம் லேசாக வந்திருந்ததால் மூடிக்கொண்டார்.

அதைவிடப் பெரிய அனர்த்தம் மாலையில் வந்தது. கொழுந்தைத் தராசில் வைத்தால் எடை வரவில்லை. எண்ணுவதிலேயே மூழ்கிக் கிடந்த கம்ப்யூட்டருக்கு நிறுப்பதற்கு நேரம் இல்லை. ஒரு கூடைக்குப் பதில் வருவதற்குள் அடுத்த மலைக்குப் போய் வந்துவிடலாம். மழை வேறு பிடித்துக்கொண்டது. பெண்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பாதிப் பேருக்கு ரசீது வரவே இல்லை. பேச்சியம்மா அன்று இருபது கிலோ எடுத்திருந்தாள். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

நனைந்துபோய் நின்ற பேச்சியம்மாவைப் பார்த்தபோது சுலக்ஷனாவுக்கு அழுகை வந்தது. ஓடிப்போய்த் துரையிடம் சொன்னாள்.

"சேர், அத நிறுத்திடுறேன். சனங்க மழையில நிக்கிறாங்க."

"தொடாதே." துரை அப்போதுதான் போனை வைத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. "ஹெட் ஆபீஸ்ல இருந்து ஆள் வருது, நாளைக்கே. நம்ம மெஷின் விஷயமாத்தானாம். யாரோ சங்கத்து ஆக்கள் அங்கயும் சொல்லிட்டாங்க. வந்து பாக்கிறப்போ தொண்ணூத்தொம்பது இருக்கணும். நாலு இருந்துச்சோ, நீ வேலைக்கு வரவே வேணாம்."

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. பழைய பயணப் பையை அம்மா தானாகவே எடுத்துத் தூசி தட்டி வைத்தது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கொழும்பு வேன் வந்து நின்றது. இறங்கியவர் நிஷாந்தி என்ற தொழில்நுட்ப அதிகாரி. கண்ணைச் சுற்றிக் கருவளையம். துரை கைகூப்பினார். தலைவர் முத்துலிங்கம் மூன்று பேனாவோடு நின்றார். பின்னால் பேச்சியம்மாவும் ரசீது வராத பெண்களும் நின்றார்கள். நிஷாந்தி அலுமாரியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகச் சுலக்ஷனாவின் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

"தொண்ணூத்தொன்பதா?"

"ஆமா மேடம்" என்றார் துரை பெருமையோடு. "ஒரு நிமிஷம் சும்மா விடுறது இல்ல."

"இதை யார் ஓட விட்டது?"

துரையின் பெருமை எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் விரல் மட்டும் சுலக்ஷனாவைக் காட்டியது.

"நாந்தாங்க" என்றாள் சுலக்ஷனா. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "அது ஒரு வேலையும் செய்யலைங்க. சும்மா எண்ணுது. பழைய கணக்குத்தான் உண்மை. நூத்துக்கு நாலு."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நிஷாந்தி அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். குரலில் கெஞ்சல் இருந்தது.

"தங்கச்சி, இதைப் பழையபடி சும்மா இருக்க வைக்க முடியுமா?"

துரை தன் காதை நம்பாமல் மூக்கனைப் பார்த்தார். முதலில் சுதாரித்தது முத்துலிங்கம்தான். ஹெட் ஆபீஸ் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறது என்றால், அது என்னவாக இருந்தாலும் சும்மா கொடுக்கக் கூடாது என்பது அவர் அனுபவம்.

"மெஷினு சும்மா இருக்கிறதுல சங்கத்துக்கு ஆட்சேபனை இல்லீங்க" என்று தொண்டையைச் செருமினார். "ஆனா நேத்து மழையில நின்ன ஆளுங்களுக்கு முழுப்பேரு வேணும். இனிமே தராசு சுணங்குனா அந்த நேரமும் வேலை நேரம்."

"சரி" என்றார் நிஷாந்தி.

முத்துலிங்கம் திடுக்கிட்டார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் யாரும் சரி சொன்னதில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமே என்று அவர் முகம் வாடிப்போனது.

"எழுதித் தருவீங்களா?"

"இப்பவே தாறேன். முதல்ல நிறுத்தச் சொல்லுங்க."

சுலக்ஷனா விசைப்பலகையில் கை வைத்தாள். பிறகு எடுத்தாள். தைரியம் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது. பயணப் பையிலிருந்து வந்ததாகத்தான் இருக்கவேண்டும்.

"மேடம், என் தற்காலிகம் இன்னையோட முடியுதுங்க. நாளைக்கு இந்தத் தராசுல ஏதாவது ஆனா, பாக்குறதுக்கு ஆபீஸ்ல யாரும் இல்ல."

நிஷாந்தி துரையைப் பார்த்தார். துரை பேனாவைத் தேடினார். அவர் பேனா கிடைக்கவில்லை. முத்துலிங்கம் தன் மூன்றில் ஒன்றை நீட்டினார். சுலக்ஷனாவை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது.

சுலக்ஷனா இரண்டு விசையை அழுத்தினாள். எண்ணிக்கொண்டிருந்தது நின்றது. திரையில் ஓடிய அந்த நிமிடக் கணக்கில் தொண்ணூற்று ஒன்பது மளமளவென்று இறங்கி நான்கில் வந்து உட்கார்ந்தது. நிஷாந்தி உடனே யாருக்கோ போன் போட்டார். "இப்ப எப்படி இருக்கு? நின்னுட்டுதா? நல்லது. நல்லது." போனை வைத்துவிட்டு அவர் விட்ட பெருமூச்சில் மேசையில் இருந்த தாள் ஒன்று பறந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது. பேச்சியம்மா தன் பெயருக்கு நேராக முழுப்பேர் விழுந்ததைத் திரையில் பார்த்துவிட்டுத்தான் மலைக்குப் போனாள். போகும்போது சுலக்ஷனாவின் கன்னத்தைக் கிள்ளி, "நல்லா இரு புள்ள" என்றாள். துரை பழைய நோட்டீஸையே மறுபடியும் ஒட்டச் சொன்னார். மூக்கன் கேட்காமலே எல்லோருக்கும் வடை கொண்டுவந்தார். சுலக்ஷனா வீட்டுக்குப் போன் போட்டு, "அம்மா, அந்தப் பைய எடுத்து உள்ள வைங்க" என்று மட்டும் சொன்னாள். அம்மா அழுதாள். இவளும் அழுதாள். நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. பனிகூட அன்று விலகி, எதிர் மலையில் ரயில் போவது தெளிவாகத் தெரிந்தது.

ஒன்று மட்டும்தான் அவளுக்கு விளங்கவில்லை. ஒரு கம்ப்யூட்டரைச் சும்மா இருக்க வைப்பதற்காகக் கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் ஏன் ஓடி வரவேண்டும்? அலுமாரியை ஏன் திறந்துகூடப் பார்க்கவில்லை?

வெளியே வேன் டிரைவர் செல்லசாமி தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வலப்பனைக்காரர், கொழும்பில் பல வருஷமாக ஹெட் ஆபீஸ் வேன் ஓட்டுகிறவர். அவரிடம் ஒரு வடையைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணே, எங்க மெஷினு ஓடுனா உங்க ஆபீஸுக்கு என்னண்ணே?"

செல்லசாமி வடையை ஒரு கடி கடித்துக்கொண்டு சொன்னார்.

"உங்க மெஷினு இங்க எங்கம்மா இருக்கு? ஹெட் ஆபீஸுல ஏசி இருக்கிறது பெரிய ஐயா ரூமுலதான்னு ஆரம்பத்துல இருந்தே அத அங்கதான் வச்சிருக்காங்க. இப்ப அதோட ஃபேன் போட்ட சத்தத்துல மனுசனுக்குப் பகல்ல தூங்க முடியலன்னுதான் எங்கள வெரட்டி விட்டாரு."